மனைவி வரிசை, எண் பதினான்கு

1

இந்தக் கதை ஓர் அட்டையில் இடம் போதாமல் பிறந்தது. உள்ளங்கை அளவு அட்டை. மேலே படம், கீழே தேதி, நடுவில் நாலு வரி. என் மனைவி இறந்து அடுத்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நினைவு அட்டைக்கு அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. வராத வரிகளைத் தாளில் அடித்து அடித்து எழுதியதில் பக்கம் நிறைந்துவிட்டது. அந்தப் பக்கம்தான் இது.

எழுத வரவில்லை என்று நான் சொன்னால் அச்சகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு அதுதான் வேலை. கல்யாணப் பத்திரிகை, மணநாள் வாழ்த்து, நினைவு அட்டை எல்லாவற்றுக்கும் வரி எழுதுகிறவன் நான். முன்மேசையில் தடித்த ஆல்பம் ஒன்று இருக்கும். வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வார்கள். தாய் வரிசையில் ஆறு, கணவன் வரிசையில் மூன்று, இப்படி. மனைவி வரிசையில் மொத்தம் இருபத்திரண்டு. இருபத்திரண்டும் நான் எழுதியவை. எழுதியபோது என் மனைவி உயிரோடு இருந்தாள். சில நேரம் பக்கத்து அறையில் இருந்தாள்.

அதிகம் போவது பதினான்கு:

விளக்காய் எரிந்து வீட்டை நிறைத்தாய்,
வேண்டும் என்றொரு சொல் கேட்டறியோம்,
வலியை ஒருநாளும் வாய்திறந்து சொல்லாமல்
சிரித்த முகமாய்ச் சென்றுவிட்டாய்.

போன வருடம் என் மனைவியின் அட்டையில் போட்டது இதுதான். மூன்றாவது வரி பொய். அவள் சொன்னாள். ஐந்து முறை சொன்னாள்.

இன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு மெஷின் ஓடும். அதற்குள் இந்த வருட அட்டையில் என்ன போடுவது என்று நான் சொல்ல வேண்டும். இதைத் தவிர இந்தக் கதையில் வேறு மர்மம் கிடையாது. மர்மம் வேண்டுமென்பவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "அவள் ஒரு —"

ஒரு என்ன? ஏழு வருடப் பழக்கம். 'ஒரு' என்று எழுதியதும் கை தானாக விளக்கை நோக்கிப் போகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அந்த வீட்டில் கணவனும் மனைவியும் மிகுந்த அன்போடு"

அன்பு இருந்தது. மிகுந்ததா என்பதற்கு இப்போது சாட்சி ஒரே ஆள்தான். அவனும் நம்பத் தகுந்தவன் இல்லை. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் வேலை முடிந்து வரும்போது, எவ்வளவு கழுவினாலும், விரல் இடுக்கில் வெள்ளையாக ஒரு மாவு ஒட்டியிருக்கும்."

இது இருக்கட்டும். இது நிஜம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்துக்குள் உட்காரும்படி லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது அவள் வேலை. சக்கரம் சுற்றும், மேலிருந்து தண்ணீர் சொட்டும், அவள் விரலால் தொட்டுப் பார்த்து நிறுத்துவாள். ஒரு மயிரிழை கூடினால் லென்ஸ் உடையும், குறைந்தால் கழன்று விழும். ஊரில் பாதிப் பேர் அவள் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். [இந்த வரி கொஞ்சம் கவிதை மாதிரி வருகிறது. எடுத்துவிட வேண்டும்.]

நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் என்னை 'டேய்' என்பாள். அம்மா அறைக்குள் வந்தால் அதே வாக்கியம் 'என்னங்க' என்று முடியும். அம்மா வெளியே போனதும் மறுபடி 'டேய்'. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கியர் மாற்றினாளோ தெரியாது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மாற்ற வேண்டியிருந்தது அவள்தானே.

ஒருமுறை ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கையில் ஈரத்தோடு மேசையில் விரித்து வைத்து வாசித்தாள்.

"டேய், இது கவிதையா, வீட்டுச் சாமான் லிஸ்ட்டா? விளக்கு, திரி, மெழுகுவத்தி, குடை, நிலைக்கண்ணாடி... கதவு ஒண்ணுதான் பாக்கி."

"கதவும் இருக்கு. எண் ஒன்பது."

"இருக்கா! சரி, புருஷன் வரிசைல என்ன வெச்சிருக்க?"

"மலை, ஆலமரம், கடல், சூரியன்."

"அதானே பாத்தேன். எல்லாம் வெளிய இருக்குற ஐட்டம். புருஷன் செத்தா மலை சாயுது, ஊரே திரும்பிப் பாக்கும். பொண்டாட்டி செத்தா விளக்கு அணையுது. நீங்க எந்திரிச்சு சுவிட்ச் எங்கன்னு தடவுவீங்க. அவ்ளோதான்."

நான் சிரித்தேன். நல்ல வரி என்று தோன்றிக் குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு கவிதையில் சேர்க்கப் பார்த்தேன். 'சுவிட்ச்' உட்காரவில்லை, விட்டுவிட்டேன்.

அவள் பதினான்கில் வந்து நின்றாள்.

"இந்தப் பதினாலாம் நம்பர்காரி சாப்பிடவே மாட்டாளா?"

"ஏன்?"

"எரியுறா, சிரிக்கிறா, போயிடுறா. நடுவுல ஒரு வாய் சோறு கிடையாது. அவளுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"*

* வயிறு என்றுதான் சொன்னாளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கதைக்கு ரொம்பவும் தோதாக இருக்கிறது. அதனால் சந்தேகம். அவள் பேச்சில் எது அவளுடையது, எது ஒரு வருடமாக நான் தேய்த்துப் பொருத்தியது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

3

கல்லூரியில் மூன்று வருடம் கவிதை படித்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பாட்டில் தலைவன் பிரிந்து போவான். தலைவி காத்திருப்பாள். அவள் தோள் மெலியும், வளையல் கழன்று விழும், நெற்றி வெளுக்கும். வளையல் கழன்றால் காதல், நெற்றி வெளுத்தால் பிரிவு. ஐந்து மதிப்பெண் கேள்வி. நான் ஐந்துக்கு ஐந்து வாங்கியவன். அவ்வளவு காலமாக ஒருத்தி இளைத்துக்கொண்டே இருக்கிறாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று ஒருவனும் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வகுப்பில் சிரித்திருப்பார்கள்.

கல்யாணம் ஆனதும் பாட்டு நின்றுவிடும். காதலிக்கு ஆயிரம் பாட்டு. மனைவிக்கு அவள் செத்த பிறகுதான். இடைப்பட்ட முப்பது நாற்பது வருடத்துக்கு அவளைப் பற்றி வரி கிடையாது, பழமொழிதான் உண்டு. செத்த பிறகு எழுதும் பாட்டிலும் அவள் செய்தவற்றைவிட செய்யாதவைதான் நிறைய. கேட்டதில்லை, கோபித்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை, சொன்னதில்லை. என்னுடைய இருபத்திரண்டில் பதினேழு 'இல்லை'யில் முடிகின்றன அல்லது அதே பொருளில். நேற்று எண்ணிப் பார்த்தேன்.

பொறுமைக்காக ஒருத்தியைப் புகழ்ந்து அச்சடித்தால், அந்த அட்டை இருநூறு வீட்டுக்குப் போகிறது. இருநூறு வீட்டிலும் உயிரோடு இருக்கிற ஒருத்தி அதைப் படிக்கிறாள். செத்தவளுக்குப் புகழ், இருப்பவளுக்கு உத்தரவு. இந்த வேலையை நான் ஏழு வருடம் மாதச் சம்பளத்துக்குச் செய்தேன். நன்றாகச் செய்தேன்.

4

இனி நடந்தது.

இதில் வரும் கணவன் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வரைவில் அவன் மூன்றாம் முறையே எழுந்துவிட்டான். அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

முதல் முறை. வியாழன் காலை, வேலைக்குக் கிளம்பும்போது. "வயிறு என்னமோ பண்ணுதுடா." நான் சொன்னேன், "நேத்து வெளிய சாப்பிட்டதா இருக்கும்." அவள் போய்விட்டாள். அன்று முழுக்க லென்ஸ் தேய்த்திருக்கிறாள்.

இரண்டாம் முறை. அன்று மாலை. "வலது பக்கம் இறங்கி வலிக்குது." நான் மேசையில் இருந்தேன். ஆல்பத்தின் புதுப் பதிப்புக்கு மனைவி வரிசையில் இன்னும் இரண்டு கவிதை பாக்கி. "வெந்நீர் வெச்சுக் குடி," என்றேன். அவளே எழுந்து போய் வைத்துக் குடித்தாள்.

மூன்றாம் முறை. வெள்ளிக்கிழமை. அம்மாவிடம் சொன்னாள். "அத்தை, ரொம்ப வலிக்குது."

அம்மா சொன்னாள், "உன் புருஷனைப் பெத்த அன்னிக்குக் காலைல ரெண்டு குடம் தண்ணி தூக்கினவ நான்."

இது கொடுமையாகச் சொன்னதில்லை. ஆறுதலாகச் சொன்னது. அம்மாவிடம் வேறு ஆறுதல் இருப்பில் இல்லை.

நாலாம் முறை. சனிக்கிழமை. மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். ஏழு பேர். அவள் அடுப்புக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சமைத்தாள். தண்ணீர் எடுக்கப் போன என்னிடம் மெல்லச் சொன்னாள், "என்னங்க, என்னால நிக்க முடியல." அம்மா பக்கத்தில் இருந்ததால் 'என்னங்க'. நான் சொன்னேன், "ரெண்டு மணி நேரம் சமாளி. அவங்க கிளம்பினதும் டாக்டர்கிட்ட போயிடலாம்."

சமாளித்தாள். மாமா கைகழுவிக்கொண்டே, "மகாலட்சுமி மாதிரி மருமக," என்றார். அவர்கள் ஐந்து மணிக்குப் போனார்கள். அதற்குள் அவளுக்கு வலி குறைந்திருந்தது. எல்லோரும் நிம்மதியானோம். டாக்டரிடம் போகவில்லை.

குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி குறைந்த மாதிரி இருக்குமாம். செவ்வாய்க்கிழமை, எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் சொன்னார். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷன்தான். சொல்லாம இருந்துட்டாங்களோ?"

நான் தலையாட்டினேன். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஓர் ஆட்டல்.

ஐந்தாம் முறையைப் பிறகு சொல்கிறேன்.

5

மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். என் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்தி, "கவிஞரே, அட்டைக்கு எது போடட்டும்?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் மற்றவர்கள் 'கடவுளே' என்பார்கள். நான் "பதினாலு" என்றேன்.

இது எங்கள் தொழிலில் இருக்கிறவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. தூக்கத்தில் எழுப்பி 'மனைவி' என்றால் பதினாலு. 'மகன்' என்றால் மூன்று. வாய் சொல்லிவிட்டது. மாலையில் அட்டை வந்தது. அக்கா, அதாவது என் மனைவியின் அக்கா, பஸ் கண்டக்டர், அதை வாங்கி எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். மூன்றாவது வரியில் நின்றார்.

"சொல்லாமலா?" என்றார்.

யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

6

பதினான்கை நான் எழுதியது என் அம்மாவைப் பார்த்து.

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா இந்தக் கதையில் வழக்கமான மாமியாராக நின்றுபோவாள். எல்லாக் கதைக்கும் ஒரு மாமியார் கைவசம் இருக்கிறாள். கணவன் தப்பித்துப்போக அதைவிட நல்ல வழி இல்லை.

அம்மாவுக்கு வருடக்கணக்காக முட்டியில் வலி. அப்பா இருந்தவரை சொன்னதில்லை. நான் அதை அழகு என்று நினைத்து எழுதினேன். முதல் பிரதியைச் சட்டம் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதைக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடம், "என் புள்ள எனக்காக எழுதினது. நான் செத்தா போட வேண்டியதை இருக்கும்போதே குடுத்துட்டான்," என்று சிரிப்பாள்.

முட்டிக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கலாம். எழுதிக் கொடுத்தது சுலபமாக இருந்தது.

என் மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் சாப்பிட்டாள்.

7

இந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். தோளில் தோல்பை, கழுத்தில் விசில்.

"தம்பி, இந்த வருஷமும் அதே பாட்டுதானா?"

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"நான் பண்ணிட்டேன்." பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். டிரிப் ஷீட்டின் பின்பக்கம். பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்: வலிக்குதுன்னு சொன்னா. நாங்க கேக்கல. "இதான். உனக்கு வேணும்னா எழுத்து நடைல மாத்திக்கோ. பூ, காய்னு எதுவும் சேக்காத."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "யாரு கேக்கல?"

"எல்லாருந்தாம்மா. நானுந்தான். சனிக்கிழமை எனக்கு மெசேஜ் போட்டா, 'தாங்க முடியலக்கா'ன்னு. நான் டிரிப்ல இருந்தேன். 'மாத்திரை போட்டுப் படு'ன்னு பதில் போட்டேன். ஏழு பேருக்குப் பொங்கிப் போட்டுட்டு இருக்கிறவ எங்க படுப்பா? கேட்டேனா? கேக்கல. அதான் 'நாங்க'ன்னு எழுதியிருக்கேன்."

"நீ சொல்லிட்டுப் போயிடுவ," என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "நீ அந்தத் தெரு, நான் இந்தத் தெரு. கேக்கலன்னு போட்டா, யாரு கேக்கலன்னு தேடுவாங்க. வீட்ல மாமியார்னு ஒருத்தி இருந்தா வேற ஆளைத் தேட மாட்டாங்கம்மா. இவன் ஆம்பள, காலைல சட்டையப் போட்டுட்டுக் கிளம்பிடுவான். கடைக்குப் போறவ நான். தண்ணி பிடிக்கப் போறவ நான். ஒவ்வொருத்தி முகத்தையும் பாக்கணும்."

அக்கா கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அது நிஜந்தான்," என்றார்.

"எனக்கு மட்டும் அவ மேல பாசம் இல்லையா? எனக்கு வலிச்சப்போ யாரு கேட்டா? கேட்டிருந்தா எனக்கும் கேக்கத் தெரிஞ்சிருக்கும்."

"அதுவும் நிஜந்தான். ஆனா அவ செத்துட்டாளேம்மா."

அம்மா உட்கார்ந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

நான் சொன்னேன், "அப்போ 'நான் கேக்கல'ன்னு போட்டுடறேன். என்னோட போகட்டும்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"போடு. அடுத்த மாசமே பொண்ணு குடுக்க வருவாங்க. 'தங்கமான புள்ள, எல்லாப் பழியையும் தன் தலைல போட்டுக்கிட்டான்'னு ஊரே உருகும். உன் பேருக்கு இன்னொரு பாட்டு, அவ்ளோதான்."

(அக்கா சொன்னது சரி. இதைப் படிக்கும்போது உங்களுக்கும் என் மேல் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும். தன்னைத் தானே குற்றம் சொல்லும் ஆணுக்கு அச்சில் ஒரு களை வந்துவிடுகிறது. அடக்கமான பெண், வருந்தும் ஆண். இரண்டும் ஆல்பத்தில் போகிற சரக்குதான். அந்த இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். வைக்க முடியாவிட்டால் அது என் எழுத்தின் கோளாறு. அதில் எனக்கு ஏழு வருட அனுபவம்.)

அன்று எதுவும் முடிவாகவில்லை. கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, "தம்பி, அவ சத்தமாப் பேசுறவ. உனக்குத் தெரியும்ல?" என்றார்.

தெரியும்.

8

நேற்று இரண்டு பிளேட் போடச் சொன்னேன். ஒன்று பதினான்கு. மற்றது அக்காவின் வரி: வலிக்கிறது என்று சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை.

மெஷின் அண்ணன் இரண்டாவது பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இருபது வருடமாக வாழ்வும் சாவும் அச்சடிப்பவர். எதையும் வாசிக்க மாட்டார், மையைத்தான் பார்ப்பார். இதை வாசித்தார்.

"இடம் நிறைய காலியா இருக்கே தம்பி. ஒரு பூ டிசைன் வெச்சுடவா?"

"வேணாம்ணா."

முதலாளிக்கும் சேதி போயிருக்கிறது. வந்து என் மேசையோரம் நின்றார். "கவிஞரே, உங்க வீட்டு அட்டை, உங்க இஷ்டம். ஆனா பின்னாடி நம்ம அச்சகம் பேரு வேணாம். நாலு பேரு பாத்துட்டு, இவங்ககிட்ட அடிக்கக் குடுத்தா குத்தம் குறையெல்லாம் எழுதிடுவாங்கன்னு நினைப்பாங்க." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினார். "பதினாலை ஆல்பத்துலேருந்து எடுக்கச் சொல்லிடாதீங்க. அது நம்ம சோறு."

இன்று மதியம் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் மனைவியின் படம். ஆல்பத்தைப் புரட்டினார். எனக்குத் தெரியும் எங்கே நிற்பார் என்று. நின்றார்.

"இது சார். அப்படியே அவளைப் பாத்து எழுதின மாதிரி இருக்கு."

"எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

"இந்த மூணாவது வரி..."

"அதான் சார் அவ. ஒருநாள்கூட வலின்னு வாயத் திறந்து சொன்னதில்ல."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். புரியாத பார்வை. கோபமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னத்த?" என்றார்.

நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, "இருநூறா, முந்நூறா?" என்று கேட்டேன்.

9

முடிவுகள். இதுவரை யோசித்தவை.

முடிவு ஒன்று. அக்காவின் வரி அச்சாகிறது. இருநூறு வீட்டுக்குப் போகிறது. தெரு முழுக்க மாமியாரை ஏசுகிறது. மாமாதான் முதலில் ஏசுகிறார். அம்மா கூடத்துச் சட்டத்தைக் கழற்றிப் பரணில் போடுகிறாள். நான் வழக்கம்போல எட்டரை மணிக்கு வேலைக்குப் போகிறேன்.

முடிவு இரண்டு. பதினான்கே மறுபடி அச்சாகிறது. அக்கா அட்டையை வாசித்துவிட்டு, அதைத் தோல்பையில் வைத்துக்கொண்டு போகிறார். அதற்கப்புறம் வருவதில்லை.

முடிவு மூன்று. படமும் தேதியும் மட்டும். வரி கிடையாது. இது எனக்குப் பிடித்திருந்தது. நாகரிகமாக இருக்கும். 'மௌனமே அஞ்சலி' என்று யாராவது சொல்வார்கள். பிறகுதான் உறைத்தது, வரி இல்லாமல் சிரிக்கும் பெண் படம் என்றால் அது பதினான்கின் சுருக்கப் பதிப்பு.

முடிவு நாலு. கணவன் ஆல்பத்தை எடுத்து, மனைவி வரிசையை மொத்தமாகக் கிழித்து

இல்லை. அதை அவன் செய்யவில்லை. நேற்றுக்கூட ஒரு மணநாள் வாழ்த்து எழுதினான். கொடியும் கொம்பும்.

10

ஐந்தாம் முறை.

ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகல். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையில். இரண்டு பாக்கியில் ஒன்று முடிந்திருந்தது. அவள் உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய், எந்திரி. எனக்கு என்னமோ சரியில்ல."

எழுந்தேன். கதவு வரை போனேன். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. உதடும். நான் அதுவரை அப்படி ஒரு வெளுப்பைப் பாட்டில்தான் படித்திருந்தேன். நெற்றி வெளுத்தால். ஐந்து மதிப்பெண்.

எனக்குள் ஒரு வரி வந்தது. 'விடியும் நேரத்து நிலாவாய் வெளுத்தாய்.'

"ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். வரி போய்விடும் என்ற பயம். எழுதுகிறவர்களுக்குத் தெரியும் அந்தப் பயம். மற்ற மூன்று வரியும் வர நாற்பது நிமிடம் ஆனது. முடித்துவிட்டுப் போனபோது அவள் கண் மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று கதவைச் சாத்தினேன். மறுநாள் காலைதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அது மனைவி வரிசையில் இருபத்திரண்டு. நன்றாகவே போகிறது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களை எனக்குத் தெரியாது என்பதால். இதை எந்த அட்டையிலும் போட முடியாது. போட்டால் அதுவும் நாலு வரிக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். எனக்கு என் கையைத் தெரியும்.

11

மணி மூன்று ஐம்பது. மை ஏற்றியாகிவிட்டது. மெஷின் அண்ணன் என் முன்னால் நிற்கிறார், ஒரு கையில் ஒரு பிளேட், மறு கையில் இன்னொன்று. முன்மேசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். டூட்டி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். மூன்றாம் முறையும் அடிக்கிறது.

"எதை ஏத்த, தம்பி?"

நான் தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். பதினான்கு என்றால், அவள் இன்னும் ஒரு வருடம் சொல்லாதவள். மற்றது என்றால், முட்டி வலியோடு ஒருத்தி மிச்ச நாளெல்லாம் இந்தத் தெருவில் தலைகுனிந்து தண்ணீர் தூக்க வேண்டும். எனக்கு இரண்டிலும் ஒன்றும் ஆகாது.

யோசிக்கிறீர்கள்.

யோசியுங்கள். அந்த நாலு நாளும் நான் செய்தது அதுதான்.